குளவி கலையும்போது பக்கத்து நிரையில் நிற்பவர்

"குளவி கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி" என்ற செய்தியை நீங்களும் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று ஊரின் பெயர் மாறும். எண்ணிக்கை மாறும். மற்ற வரிகள் அப்படியே இருக்கும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வேளையில் மரத்திலிருந்த கூடு கலைந்தது, காயமடைந்தவர்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள், அவர்களில் ஒருவரின் நிலைமை கவலைக்கிடமாக உள்ளது. இவ்வளவுதான் செய்தி. சில சமயம் அந்த ஒருவர் மறுநாள் இன்னொரு செய்தியாக வருவார்.

இந்தச் செய்திகளில் எப்போதும் விடுபட்டுப்போகும் பகுதி ஒன்று உண்டு. கூடு கலைந்ததற்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடையில் என்ன நடந்தது? யார் முதலில் தொட்டார்கள், எப்படித் தூக்கினார்கள், எவ்வளவு தூரம் நடக்க வைத்தார்கள், வாகனம் வரும்வரை எப்படிக் கிடத்தியிருந்தார்கள்? உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. அந்த நேரத்தில் வைத்தியரோ தாதியோ அங்கே இருப்பதில்லை. பக்கத்து நிரையில் கூடையோடு நிற்கும் பெண்தான் இருக்கிறார். மலையகத்தில் முதலுதவி பற்றிப் பேசுவது என்றால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். முதலுதவிப் பயிற்சி பெற்ற சில நண்பர்களோடு சேர்ந்து விடுமுறை நாட்களில் தோட்டங்களுக்குப் போய் வகுப்பு நடத்துகிறோம். முதல் வகுப்பிலேயே தெரிந்தது, நகரத்தில் சொல்லிக்கொடுக்கும் வரிசை இங்கே சரிவராது என்று. அங்கே மாரடைப்பில் தொடங்குவார்கள். இங்கே குளவியில் தொடங்காவிட்டால் யாரும் காது கொடுப்பதில்லை.

குளவி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பூச்சியை அல்ல. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் கூட்டில் இருப்பது பெருந்தேனீ. சிங்களத்தில் 'பம்பரு' என்பார்கள். மரத்திலும் புதரிலும் காகிதம் போன்ற உறை கட்டி அதற்குள் வாழ்வது உண்மையான குளவி, 'தெபரு'. பத்திரிகையில் இரண்டும் குளவிதான். முதலுதவி செய்பவருக்கு மட்டும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். பெருந்தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். நச்சுப்பையும் அதோடு பிய்ந்து வந்து, தேனீ போன பின்னும் துடித்துத் துடித்து நஞ்சை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். முதல் அரை நிமிடத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். குளவி தன் கொடுக்கை இழப்பதில்லை. ஒரே குளவி பல தடவை கொட்டும்.

கொடுக்கை எப்படி எடுப்பது என்பதில் ஒரு பழைய பாடம் இருந்தது: விரலால் கிள்ளி எடுக்கக்கூடாது, பை நசுங்கி நஞ்சு இன்னும் உள்ளே போகும், பக்கவாட்டில் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று. தேனீயைத் தோலில் கொட்டவிட்டு அளந்து பார்த்த ஆய்வாளர்கள் 1990களில் எழுதியது வேறு. எப்படி எடுக்கிறோம் என்பது பெரிய விஷயமில்லை, எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே விஷயம். நகமோ, கத்தி முதுகோ, அடையாள அட்டையின் விளிம்போ, கையில் எது இருக்கிறதோ அதனால் எடுத்தால் சரி. சுண்ணாம்பு தேடி லயத்துக்கு ஆள் அனுப்புவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் நேரத்தைத் தின்னும் வேலைகள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஓட வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும். மற்றத் தேனீக்களுக்கு அது அழைப்பு. கையை வீசி விரட்ட விரட்ட இன்னும் நாலு கொட்டும், வாசனையும் கூடும். எனவே கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு, படங்கையோ கம்பளியையோ தலைக்கு மேல் இழுத்து முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, நிரையை விட்டு வெளியேறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெருந்தேனீ நூற்றுக்கணக்கான மீற்றர் துரத்தும். கதவுள்ள காம்பராவோ வாகனமோ கிடைத்தால் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளலாம். ஓடையில் குதிப்பது பயன்படாது, தலை மேலே வரும்வரை அது சுற்றிக்கொண்டு நிற்கும். விழுந்துவிட்ட ஒருவரைத் தூக்கப் போகிறவரும் தன்னை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் விழுந்தால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுகிறார்கள்.

"கூடைய எறிஞ்சா கொழுந்து போயிருமே தம்பி?" என்று ஒரு வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காலையிலிருந்து பறித்த கொழுந்து அது. நிறுவையில் கிலோ குறைந்தால் சம்பளத்தில் விழும். மலையில் ஒருவர் ஓடுவதற்குத் தயங்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. முதலுதவிப் புத்தகம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

குளவி கொட்டில் மரணம் இரண்டு வழியில் வருகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வழி ஒவ்வாமை. இதற்கு நூறு கொட்டுத் தேவையில்லை, ஒன்றே போதும். சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிக்கும், உதடும் நாக்கும் வீங்கும், குரல் கம்மும், மூச்சு இழுக்கும், வாந்தி வரும், தலை சுற்றி ஆள் சரிவார். இரத்த அழுத்தம் சட்டென்று விழுவதுதான் காரணம். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஆளைக் கிடத்தும் விதம். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு விட மிகவும் கஷ்டப்பட்டால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தாலோ நினைவு இல்லாவிட்டாலோ ஒருபக்கமாகச் சரித்துவிட வேண்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகச் சரிக்க வேண்டும். எந்த நிலையிலும் எழுப்பி நிறுத்தவோ நடத்தவோ கூடாது.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாங்கள் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். தோட்டத்தில் நடப்பது நேர் எதிராக இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் தோள்கொடுத்து, "கொஞ்சம் தான் புள்ள, ரோட்டுக்குப் போயிரலாம்" என்று செங்குத்தான படிக்கட்டில் ஏற்றி நடத்திக்கொண்டு போவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அழுத்தம் விழுந்த உடம்பில், நிமிர்த்தி நிறுத்தியதும் இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. படுத்திருந்தபோது பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றதும் விழுந்து இறந்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. அவர் நடந்து வரக்கூடாது, தூக்கப்பட வேண்டும். உறுதியான இரண்டு கம்பும் அடி கிழிக்கப்பட்ட இரண்டு கொழுந்துச் சாக்கும் இருந்தால் தூக்குக் கட்டில் தயார். கம்பு இல்லாவிட்டால் ஒரு தடித்த கம்பளியின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்து ஆறு பேர் தூக்கலாம். இதை வகுப்பில் செய்து பார்க்கும்போது பெரிய கும்மாளமாக இருக்கும். யார் கனமான ஆள் என்று தேடுவார்கள். வெறும் மைதானத்தில் இரண்டு தடவை தூக்கிப் பழகியவர்களுக்கு மழை பெய்த படியில் தூக்குவது அவ்வளவு புதிதாக இருக்காது.

இரண்டாவது வழி, கொட்டின் எண்ணிக்கை. ஒவ்வாமை இல்லாதவராக இருந்தாலும் ஏராளமாகக் கொட்டியிருந்தால் நஞ்சு தசையையும் சிவப்பு அணுக்களையும் உடைக்கும். உடைந்த சக்கைகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இது உடனே தெரிவதில்லை. ஊசி போட்டு, வலி குறைந்து, ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவார். சில மணி நேரத்துக்குப் பிறகோ மறுநாளோ சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகும், பிறகு குறையும். "நல்லா இருக்கேன், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வருபவர்கள் அகப்படுவது இதில்தான். எனவே எத்தனை கொட்டு என்று தோராயமாகவாவது எண்ணி, எத்தனை மணிக்குக் கொட்டியது என்பதோடு சேர்த்து வைத்தியசாலையில் சொல்ல வேண்டும். பல பத்துக் கொட்டு வாங்கியவர், அதிலும் பிள்ளைகளும் வயதானவர்களும், எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும் வைத்தியர் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கூடப் போகிறவரின் வேலையும் இதுதான்: அவரைக் கட்டிலிலேயே இருக்க வைப்பது.

இதெல்லாம் நாம் ஏன் கற்க வேண்டும், தோட்டத்தில் மருந்தகம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று இலங்கையில் முதன்முதலாகச் சட்டம் வந்தது 1872ஆம் ஆண்டில். இறக்குமதி செய்யப்பட்ட கூலிகள் கொள்ளைநோயில் மடிந்தால் உற்பத்தி நின்றுபோகும் என்ற கவலையும் அதற்குள் இருந்தது. அன்றிலிருந்து தோட்டத்து வைத்தியம் நாட்டின் பொது வைத்தியத்துக்கு வெளியே, துரையின் நிர்வாகத்துக்குள் வளர்ந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகும் மருந்தகத்தில் இருப்பவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல, தோட்ட வைத்திய உதவியாளர்தான். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியது, இன்னும் முழுமையடையவில்லை. நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே 12ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. ஆனால் எவ்வளவு நல்ல வைத்தியசாலையும் மலை உச்சியிலுள்ள நிரைக்கு இறங்கி வராது.

இந்த வரலாறு நம் மனதில் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. உடம்பைப் பற்றிய அறிவு 'டாக்டர் ஐயா'விடம் இருப்பது, நம்மிடம் இருக்க வேண்டியது அல்ல என்ற பழக்கம். சட்டமும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலத்தில் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொல்கிறது. அது கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பொருந்தும். கொழுந்து பறிக்கும் மலை தொழிற்சாலை அல்ல. குளவி கொட்டுவதோ மலையில்.

சாதாரண மக்களுக்கு முதலுதவி கற்பிப்பது என்ற எண்ணமே அவ்வளவு பழையது அல்ல. 1859இல் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்கள் கிடந்தபோது, பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் பெண்கள்தான் தண்ணீரும் துணியுமாகத் தேவாலயத்துக்குள் ஓடினார்கள். அவர்களோடு நின்று அதைப் பார்த்த ஹென்றி டுனான்ட் எழுதிய நூலிலிருந்து செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. பின்னர் 1878இல் பீற்றர் ஷெப்பர்ட் என்ற இராணுவ வைத்தியர் லண்டனுக்கு அருகே வூல்விச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். அடுத்த ஆண்டு தென்னாபிரிக்காவின் போர்முனையில் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோதே அவர் கொல்லப்பட்டார். போரில் பிறந்த அறிவு சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்தது இப்படித்தான்.

போரில் பிறந்த அறிவு நம்மிடமும் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. என் பெரியம்மாவின் குடும்பமும் அப்படிப் போனதுதான். தப்பிப் போன இடத்தில் அவர்களுக்கு இன்னும் பெரிய யுத்தம் காத்திருந்தது. 2009இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு இலக்காகி, புதுமாத்தளனில் ஒரு பாடசாலை வைத்தியசாலையானது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு அந்தப் பெப்ரவரியிலிருந்து மே மாதம் வரை ஏறத்தாழ 14,000 பேரை, காயமடைந்தவர்களும் நோயாளரும் துணைக்குப் போனவர்களுமாக, கடல் வழியே வெளியேற்றியது. கப்பல் வரும்வரை அவர்களை உயிரோடு வைத்திருந்ததில் களைத்துப்போன சில வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பெரும்பங்கு உண்டு. பெயர் தெரியாத அயலவர்களுக்கும் உண்டு.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு கல்யாணத்துக்காக ஹட்டனுக்கு வந்தவரை எங்கள் வகுப்புக்கு அழைத்துப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன்: சுத்தமான துணியால் நேராக அழுத்த வேண்டும், கோப்பித்தூள் அப்பக்கூடாது, துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று வைக்க வேண்டும். அவர் எழுந்து வந்து, முன்னால் நின்ற பையனின் முன்கையைப் பிடித்து, தன் சால்வையை மடித்து வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை அதில் இறக்கினார். பையன் "அக்கா வலிக்குது" என்றான். "வலிக்கணும்" என்றார். "தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க. அமத்தினா அமத்தினதுதான். ஆஸ்பத்திரிலதான் கை எடுக்கணும்." பிறகு போய் உட்கார்ந்துவிட்டார். நான் அரை மணித்தியாலம் சொன்னதைவிட அந்த ஒரு நிமிடம்தான் அங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கிறது.

எல்லோராலும் அப்படி முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரத்தத்தைக் கண்டதும் உறைந்துபோகிறவர்கள், சத்தம் கேட்டால் நடுங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் நமக்குத் தெரியும். அவர்களை முன்னே தள்ளுவது கொடுமை. முதலுதவியில் காயத்தைத் தொடாத வேலைகளும் இருக்கின்றன. அழைப்பு எடுப்பது ஒன்று. வீதிச் சந்தியில் போய் நின்று வாகனத்துக்குக் கைகாட்டுவது ஒன்று. கூட்டத்தை விலக்கி, பிள்ளைகளை அப்பால் கூட்டிப்போவது ஒன்று. எங்கள் வகுப்பில் இவற்றையும் தனித்தனி வேலையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். "எனக்கு ரத்தம் ஆகாது, நான் ரோட்டுக்கு ஓடுறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்த ஒருவர், அந்த நேரத்தில் மிகவும் பயனுள்ள ஆளாக இருப்பார்.

1990 அவசர அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கியது. மற்ற மாகாணங்களுக்கும் அதை விரிவாக்குவதாக இந்தியப் பிரதமர் அறிவித்தது 2017 மே மாதம் நோர்வூட்டில், நம் மக்களின் முன்னிலையில்தான். 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்து அந்த விரிவாக்கம் ஆரம்பிக்கப்பட்டது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை, வண்டிக்கும் கட்டணம் இல்லை. ஆனால் "எங்கே வர வேண்டும்?" என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. 'அஞ்சாம் நம்பர் மலை' என்றால் அது கங்காணிக்குத்தான் தெரியும். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், எந்தப் பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், அங்கே கோயிலோ ஸ்டோரோ பாடசாலையோ என்ன அடையாளம், வண்டி எதுவரை வரும், ஆளை எதுவரை தூக்கிக்கொண்டு வருவோம். இந்த ஆறு விவரங்களையும் ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளைக் காம்பராச் சுவரிலும் நிறுவை இடத்திலும் ஒட்டச் சொல்கிறோம். பதற்றத்தில் சொந்த ஊரின் பெயரே நாக்கில் வராது. தொலைபேசியில் சமிக்ஞை கிடைக்கும் இடம் எது என்பதையும் அதே அட்டையில் எழுதிவிடுவது நல்லது.

வண்டி வரவே முடியாத நாட்களும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீதிகள் துண்டாகிக் கிடந்தபோதும், முதலில் கைகொடுத்தவர்கள் பக்கத்து லயத்து ஆட்கள்தான். அப்படிப்பட்ட நாளில் முதலுதவி அரை மணித்தியாலத்துக்கான வேலை அல்ல, ஓர் இரவுக்கும் மேலான வேலை.

குளவியில் தொடங்கினால் மற்றவை தானாக வருகின்றன. அடுப்பங்கரைத் தீக்காயத்துக்குப் பற்பசை வேண்டாம், 20 நிமிடம் ஓடும் தண்ணீர் வேண்டும். நம் பீலித் தண்ணீரின் குளிருக்கு, பிள்ளையாக இருந்தால் மற்ற உடம்பைப் போர்த்தி, சுட்ட இடத்தை மட்டும் காட்ட வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், கடித்த காலை அசையாமல் வைத்துத் தூக்க வேண்டும். சருகோடு சருகாகக் கிடக்கும் சிறு விரியனின் கடியை 'சின்னப் பாம்பு' என்று விட்டுவிடக் கூடாது. இங்கே பாவனையிலுள்ள விஷமுறிவு மருந்து அதன் நஞ்சுக்குக் கேட்பதில்லை, அது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது, எனவே கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். மூச்சும் பேச்சும் இல்லாமல் விழுந்தவருக்கு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்ரிமீற்றர் அமுங்கும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. ஒரு பொம்மையிலோ இறுக்கக் கட்டிய சாக்கிலோ அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும், இரண்டே நிமிடத்தில் எப்படிக் களைக்கும், ஏன் ஆள் மாற்ற வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

வகுப்புக்கு வராதவர்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது பயம். "தொட்ட பொறகு செத்துப்போனா எம்மேல கேஸ் வருமே" என்பார்கள். பொலிசைக் கண்டு நம் மக்கள் பயப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது, அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயலைக் குற்றமாகக் கொள்ளாத விதிகள் நமது தண்டனைச் சட்டக்கோவையிலேயே உண்டு. அதைச் சொல்கிறோம். பயிற்சியில் கற்றதை மட்டும் செய்யுங்கள், கற்காததைச் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறோம்.

இரண்டாவது காரணம் நேரம். பெண்கள் மலையிலிருந்து இறங்கி, பிள்ளையைக் கூட்டி, விறகு பார்த்து, சமைத்து முடிக்கும்போது இருட்டிவிடும். அந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் வருபவர்கள் எல்லோரும் ஆண்கள். மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இதனால் நாங்கள் இரண்டு மணித்தியால வகுப்பைக் கைவிட்டு, நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் கால் மணித்தியாலம் என்று மாற்றினோம். ஒரு நாளைக்கு ஒரு விஷயம். முதல் நாள் கூடையை எறிந்து ஓடுவது. அடுத்த நாள் கிடத்துவது. அதற்கடுத்த நாள் சாக்கில் தூக்குவது.

மூன்றாவதைக் காரணம் என்று சொல்ல முடியாது, கேள்வி என்றே சொல்ல வேண்டும். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கடைசியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: காயம்பட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆளுக்கு அன்றைக்குப் பேர் விழுமா, அரைப்பேரா, இல்லையா? எங்களால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தோட்டத்தில் பெண்கள் ஒன்றாகப் போய் நிர்வாகத்திடம் கேட்டார்கள். கூடப்போகும் ஒருவருக்கு முழுப்பேர் எழுதுவதாக அங்கே வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் "பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை எழுத்தில் வாங்கித் தருமாறு இப்போது சங்கத் தலைவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.